கல்யாண வீடியோவை எதில் வைப்பது? ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், டிவிடி, டேப், கிளவுட்: ஓர் ஒப்பீடு

ஸ்டோரேஜ் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது வேகமும் கொள்ளளவும்தான். "ஒரு டிபி, ஏழாயிரம் எம்பி ஸ்பீடு சார்." பெட்டியின் மேலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அது எப்படிப் பழுதாகும், பழுதாகப் போவது முன்கூட்டித் தெரியுமா, தெரியாமல் போய்விட்டால் உள்ளே இருந்ததை மீட்க முடியுமா என்பதை எந்தக் கம்பெனியும் பெட்டியில் அச்சடிப்பதில்லை. வாங்கியவர்கள் பிற்பாடு தலையில் கை வைப்பதெல்லாம் இந்த மூன்றும் தெரியாததால்தான். அதனால் இந்த ஒப்பீட்டில் வேகத்துக்கு இரண்டாம் இடம். ஒவ்வொன்றும் எப்படிச் சாகும் என்பதற்கு முதலிடம்.

உதாரணத்துக்கு ஒரு கல்யாண ஸ்டுடியோவை எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது: தகவல் மலை மலையாகச் சேரும், தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாது. தாலி கட்டுவதை இன்னொரு தடவை செய்யச் சொல்ல முடியுமா?

கணக்கைப் பார்ப்போம். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டு வீடியோ கேமரா. 4கே தரத்தில் பல கேமராக்கள் நொடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் பதிவு செய்கின்றன. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்ந்து 6 மணி நேரம் ஓடினால் 270 ஜிபி. அப்புறம் ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாமல் தரும் அசல் படம்) 2,500 படம், ஒன்றுக்கு 30 எம்பி வைத்தால் 75 ஜிபி. ஆக ஒரு கல்யாணம் ஏறத்தாழ 350 ஜிபி. ஆண்டுக்கு 40 கல்யாணம் எடுக்கிற ஸ்டுடியோவுக்கு 14 டிபி. இது ஒரே ஒரு பிரதிக்கு. இரண்டு பிரதி என்றால் 28.

(ஒரு டிபி டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. அவ்வளவுதான்.)

ஹார்ட் டிஸ்க்: சத்தம் போட்டுச் சாகும்

ஹார்ட் டிஸ்க்குக்குள் நடப்பது முழுக்க இயந்திர வேலை. காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றும். தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை பறக்கும். வேண்டிய தடத்துக்குத் தலை நகர வேண்டும், அப்புறம் தகவல் இருக்கும் இடம் சுற்றி வந்து தலைக்குக் கீழே சேரும்வரை காத்திருக்க வேண்டும். 7,200 சுற்று டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தடவை தேடி எடுக்க 12, 13 மில்லி நொடி ஆகும். நொடிக்கு எண்பது தாவல், அதற்கு மேல் தாங்காது. ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 150 முதல் 250 எம்பி வரை தாராளமாகக் கொடுக்கும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை ஒன்றாகத் திறக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் படங்களின் சிறு உருவம் ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறி வருவது இதனால்தான்.

இந்த முறை பழையது. ஐபிஎம் 1956இல் ராமாக் கணினியோடு கொடுத்த முதல் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் சுமார் 3.75 எம்பி. ஒரு ரா படத்தை அதில் வைக்க முடியாது. எழுபது ஆண்டு ஆகியும் அடிப்படை அதேதான்: சுற்றுகிற தட்டு, நகர்கிற தலை. அதனால் பலவீனமும் அதேதான். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் தலை தட்டில் உரசிவிடும். மோட்டார் தேயும். தட்டின் சில இடங்கள் படிக்க முடியாமல் போகும்.

நல்ல விஷயம் என்னவென்றால், பெரும்பாலான டிஸ்க்குகள் சொல்லிவிட்டுத்தான் போகின்றன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' என்று இருந்தால் சரி. மஞ்சளாக மாறினால் கீழே பட்டியலில் 05, சி5 என்று இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போன இடங்களை விட்டு வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்ட எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தடுமாறி, இன்னும் முடிவெடுக்காமல் வைத்திருக்கும் இடங்கள். 05 கொஞ்சம் இருந்து பல மாதம் ஏறாமல் நின்றால் அதோடு காலம் தள்ளலாம். சி5 வாரத்துக்கு வாரம் ஏறினால் அன்றைக்கே காப்பி எடுத்துவிட வேண்டும். மவுஸ் சுற்றிக்கொண்டே இருப்பது, ஃபோல்டர் திறக்க அரை நிமிடம் ஆவது, உள்ளிருந்து சீராக டக், டக் என்று அடிப்பது எல்லாம் அடுத்தடுத்த கட்டங்கள். டக் டக் சத்தம் வந்த டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் தலை தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம்.

அப்படியே செத்தாலும் மீட்க வழி உண்டு. தூசி இல்லாத அறையில் திறந்து தலையை மாற்றித் தகவலை எடுத்துத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. செலவு பல ஆயிரங்களில் போகும், எல்லாம் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. ஆனாலும் ஒரு வாய்ப்பு இருக்கிறதே.

எத்தனை டிஸ்க் சாகும் என்று கேட்டால், லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2024இல் ஆண்டுப் பழுது விகிதம் 1.57 சதவீதம். நூறு டிஸ்க்கில் ஒன்றோ இரண்டோ. ஆனால் அவை ஏசி அறையில் அசையாமல் இருக்கும் டிஸ்க்குகள்; பைக் பெட்டியில் போட்டு வேகத்தடையில் ஏற்றி இறக்கும் டிஸ்க்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, பத்தில் ஒன்பது பேர் கேட்பதில்லை: இது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? சிஎம்ஆரில் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குவதுபோல் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதே தட்டில் அதிகத் தகவல் அடைக்கலாம், விலை குறையும். ஆனால் நடுவில் இருக்கும் ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டுமல்லவா? ஒரு தடத்தைத் திருத்தினால் அந்தக் கட்டு முழுவதையும் டிஸ்க் திரும்ப எழுத வேண்டியிருக்கும். புதிதாக வாங்கிய டிஸ்க்கில் முதல் கல்யாணம் ஜோராக ஏறும். டிஸ்க் முக்கால்வாசி நிரம்பி, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கியதும் வேகம் நொடிக்கு சில பத்து எம்பிக்கு விழும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருப்பதைச் சொல்லாமல் விற்றது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகுதான் எந்த மாடல் எது என்ற பட்டியலைக் கம்பெனிகள் இணையத்தில் போட்டன. மாடல் எண்ணை வைத்துத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு தடவை எழுதி அப்படியே பீரோவில் வைக்கிற காப்பிக்கு எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும். தினமும் எழுதி அழிக்கிற டிஸ்க்குக்கும், நாஸ் பெட்டிக்குள் (பல கணினிகள் நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி) போகிற டிஸ்க்குக்கும் சிஎம்ஆர்தான். கையடக்கப் போர்ட்டபிள் டிரைவ்களில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சில மாடல்களில் யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் சர்க்யூட் பலகையிலேயே சேர்ந்திருக்கும். கேபிள் இழுபட்டு வாய் உடைந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்க்கும் வழி அடைபட்டுவிடும்.

எஸ்எஸ்டி: நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது

எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா குழு 1987இல் உலகுக்குக் காட்டிய நேன்ட் ஃபிளாஷ் நினைவகம்தான் உள்ளே இருப்பது. நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்து, அதன் அளவைப் பார்த்துத் தகவலைப் படிக்கிறது. தலை நகரக் காத்திருக்க வேண்டாததால் எங்கிருந்தும் உடனே எடுக்கும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு எண்பது தடவை தாவினால் இது பல்லாயிரம் தடவை தாவும். பழைய கணினிக்கு உயிர் கொடுக்க ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டச் சொல்வது இதற்காகத்தான். எடிட்டிங் செய்யும் கணினியில் விண்டோஸ், வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியரின் தற்காலிக ஃபைல்கள் (கேஷ்), லைட்ரூமின் படப் பட்டியல் (கேட்டலாக்) மூன்றும் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சாட்டாவா, என்விஎம்இயா (எஸ்எஸ்டி கணினியோடு இணையும் இரண்டு முறைகள்) என்பதில்தான் மக்கள் தேவையில்லாமல் குழம்புகிறார்கள். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி தொடும். என்விஎம்இ மூன்றாம் தலைமுறையில் 3,500, நான்காம் தலைமுறையில் 7,000. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கல்யாணம் முடிந்து வந்ததும் முதல் வேலை கேமராவின் கார்டிலிருந்து கணினிக்கு ஏற்றுவது. சாதாரண யூஎச்எஸ்-1 எஸ்டி கார்டின் உச்ச வரம்பே நொடிக்கு 104 எம்பி; நடைமுறையில் 90. 350 ஜிபியை 90 எம்பி வேகத்தில் இறக்க ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகும். மறுபக்கம் 7,000 எம்பி எஸ்எஸ்டி இருந்தாலும் அதே ஒரு மணி ஐந்து நிமிடம்தான். கார்டு ரீடரை முன்பக்கத்து பழைய யூஎஸ்பி 2 வாயில் சொருகினால் 35 எம்பிக்கு விழுந்து, வேலை இரண்டே முக்கால் மணி நேரமாகும். காசு போடுவதாக இருந்தால் நல்ல கார்டு, யூஎஸ்பி 3 ரீடர் இரண்டிலும் போட்டுவிட்டு, எஸ்எஸ்டிக்கு நடுத்தர என்விஎம்இ வாங்கினால் போதும். இப்போது சாட்டாவுக்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால், மதர்போர்டில் எம்.2 வாய் (என்விஎம்இ சொருகும் இடம்) இருந்தால் என்விஎம்இ போட்டுவிடலாம்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது உள்ளே இருப்பது டிஎல்சியா, கியூஎல்சியா என்பது. டிஎல்சி அறை ஒன்றில் மூன்று பிட்; எட்டு அளவு மின்னூட்டத்தைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சியில் நான்கு பிட், பதினாறு அளவு. பிட் கூடக் கூட மலிவு, ஆனால் எழுதுவது மெதுவாகும், ஆயுள் குறையும். மெதுவை மறைக்க ஒரு பகுதியை வேக வரவேற்பறையாக வைத்திருப்பார்கள். அது நிரம்பும்வரைதான் பெட்டியில் போட்ட வேகம். சாம்சங் 870 கியூவிஓ ஒரு டிபி மாடலில் அந்த இடம் அதிகபட்சம் 42 ஜிபி. அதற்கு மேல் தொடர்ந்து எழுதினால் வேகம் நொடிக்கு 80 எம்பி என்று கம்பெனியே சொல்கிறது. ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவான எஸ்எஸ்டி! வீட்டுக் கணினிக்கு அது ஒரு குறையே இல்லை, 42 ஜிபியை ஒரே மூச்சில் யார் எழுதப்போகிறார்கள்? கல்யாண ஸ்டுடியோ எழுதும்.

எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கணக்கைப் பார்த்தால் அந்தப் பயம் குறையும். சாம்சங் 870 ஈவிஓ ஒரு டிபிக்கு 600 டிபி எழுதும் ஆயுள் என்று உத்தரவாதம் தருகிறார்கள். அதே அளவு கியூவிஓவுக்கு 360. நம் ஸ்டுடியோ ஆண்டுக்கு 14 டிபி ஏற்றி, கேஷ், எக்ஸ்போர்ட் என்று எல்லாம் சேர்த்து 40 டிபி எழுதுகிறது என்றே வைப்போம். 600க்கு 15 ஆண்டு, 360க்கு 9 ஆண்டு. அதற்குள் கணினியே மாறிவிடும்.

எஸ்எஸ்டியைக் கொல்வது பெரும்பாலும் வேறு. கட்டுப்படுத்தும் சில்லு போய்விடும், உள் மென்பொருள் குழம்பும், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்து கணக்குப் புத்தகம் கலைந்துவிடும். அப்போது டக் டக் சத்தமும் இல்லை, மெதுவாவதும் இல்லை. இரவு ஷட் டவுன் செய்தீர்கள், காலையில் கணினி அப்படியொரு டிரைவே இல்லை என்கிறது. மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். தகவல் பல சில்லுகளில் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும், எது எங்கே என்ற வரைபடம் அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லின் வசம்தான் இருக்கும். தவறி ஃபோல்டரை அழித்தாலும் இதே கதை. ஹார்ட் டிஸ்க்கில் அழித்தது மேலெழுதப்படும்வரை உள்ளேதான் கிடக்கும், ரெகுவா மாதிரி மென்பொருள் தோண்டி எடுத்துவிடும். கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் டிரிம் என்ற கட்டளை போய், காலி இடத்தை டிரைவ் தானே துடைத்துவிடும். பிறகு தோண்ட ஒன்றும் இருக்காது.

பீரோவில் வைத்துப் பாதுகாக்கவும் எஸ்எஸ்டி உகந்ததல்ல. அடைத்து வைத்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முடித்த நிலையில், கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் சில்லுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம். புது எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும்தான். ஆனால் வெப்பம் ஏற ஏறக் கசிவு வேகமாகும், வேலூரில் மே மாதம் பூட்டிய அறை பீரோவுக்குள் 30 டிகிரி என்பது கனவு.

பென் டிரைவ், டிவிடி: கொடுப்பதற்கு மட்டும்

"அண்ணே, நீங்க கொடுத்த பென் டிரைவ் ஓப்பன் ஆகலை, உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமா?" இந்த போன் வராத ஸ்டுடியோக்காரர் இருக்க மாட்டார். பென் டிரைவிலும் ஃபிளாஷ் நினைவகம்தான், ஆனால் சில்லுகளில் மட்டமானவை வந்து சேரும் இடம் பெரும்பாலும் இதுதான். ஆரோக்கியத்தைச் சொல்லும் 05, சி5 மாதிரி எந்த வரியும் பொதுவாகக் கிடையாது. போலிகளும் அதிகம்: மலிவு விலையில் கிடைக்கும் '2 டிபி பென் டிரைவ்' உண்மையில் 32 ஜிபியாக இருக்கும், கணினியிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். அளவு தாண்டியதும் புதியது பழையதன் மேலேயே ஏறும். ஃபைல் பெயர்கள் எல்லாம் அழகாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் டிரைவ் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். மொத்தமாக வாங்கும் ஸ்டுடியோக்கள் ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றையாவது இப்படிச் சோதிப்பது நல்லது.

இன்னொரு தொல்லை: டிவியில் போட்டுப் பார்ப்பார்களே என்று எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் செய்தால் சில பழைய டிவிகள் படிக்காது. வீடியோவை 4 ஜிபிக்குக் குறைவான பாகங்களாக வெட்டிக் கொடுப்பதுதான் தகராறு இல்லாத வழி.

டிவிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை, பெண் படம் அச்சடித்த உறையில் போட்டுக் கொடுத்த காலம் போய்விட்டது. ஒன்றில் 4.7 ஜிபி; நம் 350 ஜிபிக்கு 75 டிவிடி வேண்டும். ஒரு அடுக்கு புளூ-ரே 25 ஜிபி, 14 தட்டு. புதிய லேப்டாப்களில் போடும் வாயே இல்லை. பதிவு செய்யும் புளூ-ரே தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. தட்டில் எழுதுவதற்கு உள்ள சாயம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கும், சத்தமில்லாமல். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய கல்யாண டிவிடி வீட்டில் இருந்தால், படிக்கும் டிரைவ் ஒன்று கடன் வாங்கியாவது இந்த மாதமே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

டேப்

காந்த நாடாவா, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, பெரிய டேட்டா சென்டர்களில். எல்டிஓ-9 கேசட் ஒன்றில் 18 டிபி பிடிக்கும், நொடிக்கு 400 எம்பி எழுதும், ஒழுங்காக வைத்தால் 30 ஆண்டு என்பது தயாரிப்பாளர்கள் கணக்கு. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் காணாமல் போயின. கூகுள் பல இடங்களில் பிரதி வைத்திருந்தும், கோளாறு அந்தப் பிரதிகளையும் எட்டிவிட்டது. கடைசியில் டேப்பிலிருந்துதான் மீட்டார்கள். டேப் எதோடும் இணைக்கப்படாமல் அலமாரியில் இருந்ததால் தப்பித்தது.

கேசட் விலை தாங்கும். அதைப் படிக்கும் டிரைவ் லட்சங்களில். அதனால் நாற்பது கல்யாண ஸ்டுடியோவுக்கு டேப் கட்டுப்படியாகாது. ஆனால் அது தப்பித்த விதத்தை ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே செய்யலாம்: காப்பி எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுவது. ரேன்சம்வேர் வந்து கணினியில் உள்ள எல்லாவற்றையும் பூட்டும்போது, கழற்றி வைத்த டிஸ்க்கை அதனால் தொட முடியாது.

நாஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். உள்ளே இரண்டு டிஸ்க்கை ரெய்டு 1இல் (ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் ஏறும் முறை) போட்டால் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது, நல்ல வசதி. ஆனால் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும். அதை இரண்டு பிரதி என்று கணக்கு வைக்கக் கூடாது, அது ஒன்றுதான்.

கிளவுட்: பாஸ்வேர்டோடு சாகும்

கிளவுட் என்பதும் எங்கோ ஓரிடத்தில் யாருடைய ஹார்ட் டிஸ்க்கோதான். அதைச் சாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு மாத வாடகை. தீ, வெள்ளம், திருட்டு மூன்றுக்கும் இதைவிட நல்ல காப்பு இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கிய இடங்களில், ஒரே மேசையில் இருந்த அசலும் காப்பியும் சேர்ந்தே தண்ணீருக்குள் போயிருக்கும்.

சாவு இங்கே வேறு மாதிரி வரும். பாஸ்வேர்டு மறந்து, பதிவு செய்த போன் நம்பரும் மாறியிருந்தால் முடிந்தது. பணம் கட்ட மறந்தாலும் ஆபத்து. கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பற்ற இலவச இடத்தை நிறுத்தி 15 ஜிபி கணக்குக்குள் கொண்டுவந்தது. 2 ஆண்டு தொடாத தனிநபர் கணக்கை அழிக்கும் விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்னொன்று, சிங்க் செய்வதைக் காப்பி என்று நினைப்பது. கணினியில் அழித்தால் அங்கும் அழியும். சில வாரம் குப்பைத்தொட்டியில் இருக்கும், அவ்வளவுதான்.

வேகம் இணையத்தைப் பொறுத்தது. அப்லோட் 50 எம்பிபிஎஸ் முழுசாகக் கிடைத்தாலே 350 ஜிபிக்கு பதினைந்தரை மணி நேரம். வைகாசியில் அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கும்போது ஒரு கல்யாணம் ஏறி முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அசல் ஃபைல்கள் எல்லாவற்றையும் கிளவுடில் போடும் யோசனையை ஸ்டுடியோக்கள் விட்டுவிடலாம். எடிட் முடிந்த வீடியோவையும் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களையும் மட்டும் போட்டால் கட்டுப்படியாகும்.

அப்போ எதை வாங்குவது?

முக்கியமான தகவலுக்கு 3 பிரதி, 2 வகைச் சாதனம், 1 பிரதி வேறு இடத்தில் என்று பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் சொன்ன விதி ஒன்று உண்டு. நம் ஸ்டுடியோவுக்கு அதை இப்படிப் பொருத்துவேன். எடிட்டிங் கணினியில் ஒரு டிபி அல்லது இரண்டு டிபி டிஎல்சி என்விஎம்இ. ஓடிக்கொண்டிருக்கும் கல்யாணங்கள் மட்டும் அதில். யூபிஎஸ் கட்டாயம். காப்பிக்கு 3.5 அங்குல சிஎம்ஆர் ஹார்ட் டிஸ்க் இரண்டு, அவற்றை மாட்டி எடுக்க ஒரு டாக். ஒரு டிபிக்கு ஆகும் விலையில் எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க் சில மடங்கு மலிவு என்பதால் 14 டிபி மாதிரி அளவுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. ஒரு டிஸ்க் ஸ்டுடியோவில், இன்னொன்று முதலாளி வீட்டில், இரண்டும் வேலை முடிந்ததும் கழற்றிய நிலையில். முடிந்தால் இரண்டையும் வேறு வேறு கம்பெனியாக வாங்குங்கள். ஒரே லாட்டில் வந்தவை ஒரே குறையோடு வந்திருக்கலாம். இரண்டு டிஸ்க்கிலும் ஏறி, நடுவில் நாலைந்து ஃபைலைத் திறந்து பார்க்கும்வரை கேமரா கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. இந்தக் கடைசி வரி ஓசி, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் காப்பாற்றுவது இதுதான்.

வீட்டுக்கு என்றால் இவ்வளவு தேவையில்லை. போனில் இருக்கும் படங்களுக்கு ஒரு கிளவுட் கணக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி வைக்க ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். எஸ்எம்ஆராக இருந்தாலும் பரவாயில்லை. டாலி ஓட்டும் சின்னக் கடைக்குத் தகவலே சில நூறு எம்பிதான். கணினிக்கு எஸ்எஸ்டி, தினசரி காப்பி இரண்டு பென் டிரைவில் மாற்றி மாற்றி, கூடவே ஒன்று கிளவுடில். பென் டிரைவை இவ்வளவு திட்டிவிட்டு ஏன் என்றால், அங்கே ஒன்று போனாலும் நேற்றைய காப்பி மற்றதில் இருக்கும்.

ஸ்டுடியோக்காரர்கள் இவற்றில் பணம் போடுவதற்கு முன் கொட்டேஷனில் ஒரு வரி சேர்க்கலாம்: ஆல்பம் ஒப்படைத்த நாளிலிருந்து ஓராண்டு வரைதான் அசல் ஃபைல்கள் இருக்கும், வேண்டுமானால் அதற்குள் ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. தருவதற்கு முன்பே சொல்லிவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை. பலர் டிஸ்க்கோடு வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஓராண்டு கழித்து அசலை அழித்துவிட்டு, முடித்த வீடியோவும் தேர்ந்த படங்களும் மட்டும் வைத்தால் 350 ஜிபி என்பது 50 ஜிபிக்குள் சுருங்கும். ஆண்டுக்கு 14 டிபி என்று ஏறிக்கொண்டே போன நிரந்தரச் சேமிப்பு ஆண்டுக்கு 2 டிபியோடு நிற்கும். பெரிய டிஸ்க்குகள் இரண்டும் அடுத்த ஆண்டுக்குத் திரும்பக் கிடைக்கும்.